காரில்லாமல் கானாடுகாத்தான் அரண்மனைக்கு

வெளியூரிலிருந்து காரைக்குடிக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் வந்த களைப்பு ஆறுவதற்கு முன்பே என்னிடம் கேட்பது, கானாடுகாத்தான் அரண்மனைக்குப் போக வாடகைக் கார் எங்கே சொல்வது என்பதைத்தான். அண்மையில் வந்திருந்த என் அண்ணன் மகனும், “அத்தை, காலையில ஏழு மணிக்குக் கார் சொல்லிடவா?” என்று கைபேசியோடு நின்றான். பஸ்ஸில் போகலாம் என்று நான் சொன்னதும் தயங்கினான்; செலவைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். செலவு குறைவது உண்மைதான், ஆனால் நான் பஸ்ஸைச் சொல்வதற்குக் காரணம் அதுவன்று. அந்த அரண்மனையையும் அது நிற்கிற ஊரையும் முறையாகப் பார்க்க வேண்டுமானால் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும் கார் அந்த நடையை இல்லாமல் செய்துவிடுகிறது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கானாடுகாத்தான் அரண்மனை என்று எல்லோரும் அழைப்பது, செட்டிநாட்டு ராஜா என்று பெயர் பெற்ற அண்ணாமலைச் செட்டியாரின் குடும்ப மாளிகையை. 1881-இல் பிறந்து 1948-இல் மறைந்த அவர்தாம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். மாளிகை 1912-ஆம் ஆண்டில் கட்டப்பட்டதாகக் குறிப்பிடுவார்கள். இன்றைக்கும் குடும்பத்தாரின் பொறுப்பில் உள்ள வீடு அது என்பதால், உள்ளே சென்று சுற்றிப் பார்க்கப் பொதுமக்களுக்குப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. காரில் வருகிறவர்களுக்கு இங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. அரண்மனை வாசலில் இறங்குகிறார்கள், முகப்பின் முன் நின்று படம் எடுக்கிறார்கள், உள்ளே போக முடியாது என்று தெரிந்ததும் அடுத்த ஊருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அரை நாள் செலவழித்துப் பார்க்க வேண்டியவை அந்த அரண்மனையைச் சுற்றியுள்ள தெருக்களில், பூட்டோ சீட்டோ இல்லாமல், திறந்தபடி கிடக்கின்றன என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

முதலில் காரைக்குடிக்கு வந்து சேரும் வழியைப் பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில்தான் வசதி. பிற்பகலில் எழும்பூரில் புறப்படுகிற பல்லவன் விரைவு ரயில், 2013-இல் திருச்சியிலிருந்து நீட்டிக்கப்பட்ட பிறகு, இரவிலேயே காரைக்குடியில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. திரும்பும்போது விடியற்காலையில் இங்கிருந்தே புறப்படுகிறது. ராமேசுவரம் செல்லும் சேது விரைவு ரயிலும், இராமேசுவரம் விரைவு ரயிலும், செங்கோட்டைக்குப் போகும் சிலம்பும் இந்த வழியாகத்தான் போகின்றன. ஆனால் அவற்றில் வந்தால் நடுநிசியிலோ அதற்குப் பிறகோ இறங்க வேண்டியிருக்கும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்களுக்கு நான் பல்லவனைத்தான் சொல்வேன். முதல் நாள் இரவு வந்து தூங்கி எழுந்து, மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் கானாடுகாத்தானில் இருக்கலாம். மதுரையிலிருந்து வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ் ஏறினால், மேலூர், திருப்பத்தூர் வழியாக வந்துவிடலாம். திருச்சியும் மதுரையும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. விமானத்தில் வந்தாலும் இவ்விரண்டு ஊர்களில் ஒன்றில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

திருச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. அரண்மனை மட்டுமே நோக்கமானால், காரைக்குடி வரை வந்து திரும்பிப் போக வேண்டிய அவசியமே இல்லை. திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்கு வரும் நெடுஞ்சாலை கானாடுகாத்தானை ஒட்டித்தான் செல்கிறது. காரைக்குடிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் முன்னதாகவே கானாடுகாத்தான் விலக்கில், அதாவது ஊருக்குள் சாலை பிரியும் இடத்தில், இறங்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லா பஸ்ஸும் அங்கே நிற்காது. இடையில் நிற்காத பஸ்ஸில் ஏறிவிட்டு, விலக்கு வந்ததும் எழுந்து நின்று கண்டக்டரிடம் கெஞ்சுவதில் பயனில்லை. அவர் நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாத நிலைமை இருக்கும். ஏறுவதற்கு முன், படியில் கால் வைக்கும்போதே, “அண்ணே, கானாடுகாத்தான் விலக்குல நிக்குமா?” என்று கேட்டுவிட வேண்டும். நிற்கும் என்றால் ஏறி, ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் தெரியும்படி முன்பக்கமாக உட்கார்ந்துகொண்டால் போதும். வழியில் திருமயம் வருகிறது. மலையின்மேல் நிற்கும் அந்தக் கோட்டையையும், ஒரே குன்றில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைந்த குகைக் கோயில்களையும் பார்க்க நினைப்பவர்கள் அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிக் கானாடுகாத்தானுக்கு வரலாம். காரில் வருகிறவர்கள் செய்யும் அதே பயணத்தை பஸ்ஸிலேயே செய்துவிட முடிகிற இடம் இது.

ரயிலில் நேராகக் கானாடுகாத்தானுக்கே வரவும் வழி இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு நிலையம் உண்டு. அதன் பெயர் செட்டிநாடு. கானாடுகாத்தான் என்று தேடினால் முன்பதிவுத் தளத்தில் ஒன்றும் கிடைக்காது என்பதால் பலருக்கு இப்படி ஒரு நிலையம் இருப்பதே தெரியாமல் போகிறது. புதுக்கோட்டையிலிருந்து வரும்போது திருமயத்தை அடுத்துச் செட்டிநாடு, பிறகு கோட்டையூர், அதன் பின் காரைக்குடிச் சந்திப்பு. இந்தப் பாதை திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கும், 1930-ஐ ஒட்டிப் புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரைக்கும் போடப்பட்டது. மீட்டர் பாதையாக இருந்து, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் அகலப் பாதையாக மாறியது. செட்டிநாடு நிலையத்தில் எல்லா ரயிலும் நிற்பதில்லை. நின்று செல்கிற ரயில்களின் நேரமும் அவ்வப்போது மாறுகிறது. ஆகவே புறப்படுவதற்கு முன் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே இறங்கினால் ஆட்டோ காத்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஊருக்குள் நடக்கத்தான் வேண்டும், பெட்டி படுக்கை இல்லாதவர்களுக்கு அது ஒன்றும் பெரிய தொலைவன்று.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது. ரயில் இந்தப் பக்கம் வந்தது 1930-இல் என்றால், அரண்மனை அதற்கும் பதினெட்டு ஆண்டுகள் முன்னதாகவே எழுந்துவிட்டது. சுற்றியுள்ள பெரிய வீடுகள் பலவும் அந்தக் காலத்தவை. பர்மாவிலிருந்து வந்த தேக்குத் தூண்களும், இத்தாலியிலிருந்து வந்த சலவைக்கல்லும், பெல்ஜியம் கண்ணாடியும் கடலைக் கடந்து துறைமுகத்தில் இறங்கிய பிறகு, தொலைவிலிருந்த ரயில் நிலையம் ஒன்று வரை வண்டியேறி வந்திருந்தாலும், கடைசிப் பகுதியை மாட்டு வண்டியில்தான் கடந்திருக்க வேண்டும். இன்று கார் இல்லாமல் போக முடியாது என்று நாம் சொல்கிற ஊரின் ஒவ்வொரு தூணும் மாடு இழுத்தும் மனிதர் சுமந்தும் வந்து சேர்ந்தது. ரயில் வந்த பிறகு, தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலேறி இலங்கைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாதை நேர்வழியானது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போனவர்கள் வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டு புறப்பட்ட நிலையங்களில் நாம் இறங்குகிறோம் என்கிற நினைவோடு இறங்கினால், அந்தச் சிறிய நடைமேடைக்கே ஒரு மதிப்பு வந்துவிடும்.

காரைக்குடியில் தங்கியிருப்பவர்களுக்கு டவுன் பஸ் இருக்கிறது. புதிய பேருந்து நிலையத்திற்குச் சென்று, கானாடுகாத்தான் வழியாகப் போகும் டவுன் பஸ் எப்போது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். புதுக்கோட்டை, திருச்சி செல்லும் பஸ்களில் நின்று செல்பவற்றிலும் ஏறலாம். கோட்டையூர், பள்ளத்தூர் பக்கமாகச் சுற்றிச் செல்லும் பஸ் கிடைத்தால் நான் அதில் ஏறுவதையே விரும்புவேன். நேரம் கூடுதலாகும், ஆனால் அந்தச் சுற்றிலேயே செட்டிநாட்டு ஊர்கள் எப்படி அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஓர் ஊர் முடிந்து பொட்டல், பொட்டல் முடிந்து ஒரு கண்மாய், கண்மாய்க்கு அப்பால் மறுபடியும் மாடங்களும் கோபுரச் சிற்பங்களும் கொண்ட மாளிகை வரிசை. முன்பு 96 ஊர்கள் என்று சொல்லப்பட்ட இந்த வட்டாரத்தில் இன்று எஞ்சியிருப்பவை எழுபத்தைந்து அளவிலானவை. பெண்களுக்கு ஒரு கூடுதல் வசதி: 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என் போன்றவர்கள் காசில்லாமலே கானாடுகாத்தானுக்குப் போய்த் திரும்புகிறோம். அண்ணன் மகன் மட்டும் சீட்டு வாங்கினான்.

காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் இருக்கும். நிற்க முடியாத நிலையில் இருப்பவர்கள் ஒன்று ஏழு மணிக்கே கிளம்பிவிட வேண்டும், அல்லது ஒன்பதரைக்கு மேல் கிளம்ப வேண்டும். நான் ஏழு மணியைச் சொல்வேன். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் கானாடுகாத்தான் தெருவில் நிழல் என்பதே இருக்காது. அகலமான தெருக்கள், உயர்ந்த மதில்கள், மரங்கள் குறைவு; சுவர்களில் பட்ட வெயில் முகத்தில் அடிக்கும். கார்த்திகை முதல் மாசி வரை நடப்பதற்கு நல்ல காலம்.

விலக்கில் இறங்கி ஊருக்குள் திரும்பியதும், நடக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வீடுகளை அல்ல, தெருக்களை. நேர்கோடு பிடித்தது போல ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் தெருக்கள், அவற்றைக் குறுக்கே வெட்டும் சந்துகள் என்று அளந்து போட்ட ஊர் இது. ஒரு வீட்டின் தலைவாசல் ஒரு தெருவில் இருந்தால் அதன் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். ஒரே வீடு இரண்டு தெருக்களுக்கு இடைப்பட்ட நீளம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இதைப் படத்தில் பார்த்தால் விளங்காது, காரில் கடந்தாலும் விளங்காது. தலைவாசலில் தொடங்கி, மதிலை ஒட்டிய சந்து வழியாக, முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய முதற்கட்டு), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று உள்ளே இருப்பவற்றை மனத்தில் எண்ணிக்கொண்டே நடந்து, பின்வாசல் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். கால்தான் அந்த வீட்டின் அளவைச் சொல்லும். என் அண்ணன் மகன் அப்படி ஒரு சந்தில் நடந்துகொண்டே, இன்னுமா இதே வீடு என்று கேட்டான். அவன் கட்டடப் பொறியியல் படித்தவன். அதன் பிறகு அவன் கார் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

நடக்கும்போது தெரியும் இன்னொன்று, மழைநீர் போகும் வழி. வளவின் நடுவில் திறந்த முற்றம். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் நீர் அங்கே விழுந்து, கொஞ்சம் அண்டாக்களில் பிடிக்கப்பட்டு, மிச்சம் தளத்துக்கு அடியில் உள்ள வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து, அங்கிருந்து ஊர்க்குளமான ஊரணிக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். மழை குறைந்த இந்தப் பூமியில் நூற்றுக்கணக்கான வீடுகள் எழுப்பியவர்கள், வீட்டைக் கட்டும்போதே ஊரணியையும் எண்ணிக் கட்டினார்கள். தெருவின் ஓரத்து வாய்க்காலைக் கவனித்துக்கொண்டே நடந்தால் அது எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கண்டுகொள்ளலாம். வீடு, தெரு, ஊரணி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் செட்டிநாட்டைப் பார்த்ததாகும் என்று நான் சொல்வது இதனால்தான். ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனத்திற்கு 2014-இல் இந்தியா அளித்த உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலிலும், தனி மாளிகை எதுவும் இடம்பெறவில்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள்தாம் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்து சேரும்போது, அது வேறு விதமாகத் தெரியும். சுற்றியுள்ள வீடுகளின் அதே இலக்கணம், அதே திண்ணை, அதே முகப்பு, ஆனால் அளவிலும் செல்வத்திலும் பல மடங்கு. வரிசையான தூண்களும், மேல்மாடத்துப் பலகணிகளும், நிலைக்கு மேல் வீற்றிருக்கும் கஜலட்சுமியும் எல்லா வீடுகளிலும் உண்டு என்பதை வழியிலேயே பார்த்துவிட்டால், இங்கே எது கூடியிருக்கிறது என்பது தெளிவாகப் பிடிபடும். உள்ளே போக முடியவில்லை என்ற குறையும் பெரிதாகத் தோன்றாது. பக்கத்துத் தெருக்களில், பார்வையாளர்களைக் கட்டணத்துடன் அனுமதிக்கும் பழைய வீடுகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டால் உள்ளமைப்பும் தெரிந்துவிடும். சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்து, பல பூச்சுகளாகப் பூசி மெருகேற்றிய சுவர் அது. நூறாண்டு கடந்தும் கண்ணாடி போல் வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பூட்டியிருக்கும் வீடுகள் ஆளற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிற பங்காளிகள் பலருக்கும் சேர்த்து உரிமையுள்ள வீடுகள் அவை. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று ஏதாவது வரும்போது அத்தனை பேரும் வந்து கூடிவிடுவார்கள். அப்படி விசேஷம் நடக்கும் நாளில் திண்ணையில் ஏறி நின்று படம் எடுப்பது முறையன்று. வாசலில் ஆச்சி யாராவது உட்கார்ந்திருந்தால், “ஆச்சி, கொஞ்சம் பாத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நடந்து வருகிறவர்களுக்குக் கிடைக்கும் இந்த வரவேற்பு காரில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கிடைப்பது அரிது. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று விசாரித்து மோர் கொடுத்த ஆச்சிகள் கானாடுகாத்தானில் இருக்கிறார்கள்.

நடப்பது இந்த மண்ணுக்குப் புதிதுமன்று. தைப்பூசத்தை ஒட்டி, செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் காவடியோடும் வேலோடும் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்தே போவது தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. வீட்டில் கார் நிற்கிறவர்களும், வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறவர்களும் அந்த நாட்களில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். பழனி வரைக்கும் நடக்கிற ஊரில், விலக்கிலிருந்து அரண்மனை வரைக்கும் நடப்பதை ஒரு குறையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆத்தங்குடியைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே போவது கானாடுகாத்தான் போல எளிதன்று. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் உண்டு, ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். கானாடுகாத்தானிலிருந்து நேராகப் போக வேண்டுமானால், ஆட்டோ பேசிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. போக எவ்வளவு, அங்கே காத்திருக்க எவ்வளவு, திரும்பக் காரைக்குடியில் விட எவ்வளவு என்று மூன்றையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். ஆத்தங்குடிப் பெரிய வீட்டைக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று பார்க்கலாம். அதைவிட, தரைக்கல் செய்கிற பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் நின்று பார்ப்பதையே நான் முதலில் சொல்வேன். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைப் பூவாகவும் கொடியாகவும் கையாலேயே ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் தூவி, கலவை வைத்து அழுத்தி, உலர்த்தி, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போது கல்லுக்கு அந்தக் கண்ணாடியின் பளபளப்பே வந்துவிடுகிறது; சூளையில் சுடுவதே இல்லை. கானாடுகாத்தான் வீட்டில் காலடியில் பார்த்த தரை எப்படிப் பிறந்தது என்பது அங்கே தெரியும்.

பிள்ளையார்பட்டிக்குப் போக யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாக அடிக்கடி பஸ் இருக்கிறது, திருப்பத்தூர் பக்கமிருந்து வரும் பஸ்களும் இருக்கின்றன. காரைக்குடி ஊருக்குள் ஆயிரம் ஜன்னல் வீடு, முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள், கொப்புடைய நாயகி அம்மன் கோயில், கம்பன் மணிமண்டபம் ஆகியவற்றுக்கு ஆட்டோவோ நடையோ போதும். ஆயிரம் ஜன்னல் வீட்டையும் தெருவில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் பஸ்தான் ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். நம் பஸ்களின் படி உயரமானது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அதில் ஏற்றி இறக்குவது அவர்களை வதைப்பதாகும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்தப் பயணத்தில் இடமே இல்லை; அது அவர்கள் குறையன்று. அப்படிப்பட்டவர்கள் உடன் இருந்தால், ஆட்டோவிலோ காரிலோ அவர்களை அரண்மனைத் தெரு வரைக்கும் அழைத்து வந்து, அங்கே ஒரு திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் நடக்கலாம். திண்ணை அதற்காகத்தானே கட்டப்பட்டது.

எங்கள் ஊர்க்காரர்களிடமும் பொறுப்பில் இருப்பவர்களிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் பேருந்து நிலையத்தில் வந்து நின்றால், கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் எந்த பஸ், எந்த நேரம், எந்த இடத்தில் நிற்கும் என்று தமிழில் தெளிவாக எழுதிய ஒரு பலகை அவர்கள் கண்ணில் பட வேண்டும். இப்போது யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. தமிழ் தெரியாதவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாமல் வாடகைக் காரைத் தேடுகிறார்கள். கானாடுகாத்தான் விலக்கில் அரண்மனைக்கு நடந்து போகும் வழியைக் காட்டும் ஒரு கல், உட்கார ஒரு நிழற்குடை, பெண்கள் பயன்படுத்தக்கூடிய ஒரு கழிப்பறை ஆகியவை வேண்டும். விலக்கிலிருந்து ஊர் வரை இருபுறமும் வேம்பும் புங்கமும் வைத்தால் பத்தாண்டில் அந்த நடைக்கு நிழல் கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் தயக்கமில்லாமல் சொல்கிறேன். சுற்றுலாப் பேருந்துகளும் வரிசையாக வரும் கார்களும் அரண்மனைத் தெருவுக்குள் நுழைந்து, மாளிகைகளின் மதிலை ஒட்டி நிற்பதைத் தடுக்க வேண்டும். பெரிய வண்டிகள் திரும்பும்போது தெருவோர வாய்க்கால் விளிம்புகள் உடைகின்றன. உடைந்த வாய்க்காலில் குப்பை அடைத்தால் மழைநீர் ஊரணிக்குப் போகாமல் தெருவில் தேங்குகிறது. சுண்ணாம்புச் சுவருக்கு ஈரத்தைப் போல் பகை வேறில்லை. வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு எல்லோரும் நடந்து வந்தால், வீடுகளுக்கும் நல்லது, வழியில் உள்ள சிறு கடைகளுக்கும் நல்லது. காரில் வருகிறவர் கானாடுகாத்தானில் ஒரு தேநீர்கூடக் குடிக்காமல் போய்விடுகிறார். நடந்து வருகிறவர் தேநீர் குடிக்கிறார், பணியாரம் வாங்குகிறார், தறி ஓடும் ஓசை கேட்டால் எட்டிப் பார்த்து ஒரு சேலை எடுக்கிறார். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை நெய்கிறவர்களின் வாசலுக்கு ஆள் வர வேண்டாமா?

திரும்பும் வழியைச் சொல்லி முடிக்கிறேன். விலக்கில் சாலையின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். ஊரிலிருந்து நடந்து வந்து விலக்கை அடைந்ததும், கடைக்காரரிடம் காரைக்குடிப் பக்கமா, திருமயம் பக்கமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு நில்லுங்கள். தொலைவில் வரும்போதே கையைக் காட்ட வேண்டும். இருட்டிய பிறகு ஓட்டுநர் கண்ணில் படுவது கடினம் என்பதால், மாலை ஆறு மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. திருச்சிக்குத் திரும்புகிறவர்கள் காரைக்குடிக்கு வராமல் அங்கிருந்தே புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி, புதுக்கோட்டையில் மாறிக்கொள்ளலாம். திருச்சி பஸ் நிற்கும் வரை காத்திருப்பதைவிட இது விரைவாக முடியும். சென்னைக்கு இரவு ரயில் பிடிக்கிறவர்கள் காரைக்குடிக்கு வந்து, புதிய பேருந்து நிலையத்திற்குப் பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு, ஆட்டோவில் ரயில் நிலையத்திற்குப் போக நேரம் தாராளமாக இருக்கும்.